ஆரஞ்சு ஒயரும் கூழ்வத்தலும்

எனக்கு இடது கால் சின்ன வயதிலேயே போலியோவில் மெலிந்துவிட்டது. நடப்பேன், படி ஏறுவேன், வார்டில் ஒரு டியூட்டி முழுக்க நிற்பேன். ஸ்கூட்டரைக் கால் ஊன்றித் தாங்கவும், காரின் கிளட்சை அழுத்தவும் மட்டும் முடியாது. அதனால் டெல்லிக்கு வந்த நாளிலிருந்து என் கணவருடைய ஸ்கூட்டரின் பின்சீட்டுதான் எனக்கு வாகனம். காலையில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுவார். சாயங்காலம் அதே வாசலில் வந்து நிற்பார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் நான் எப்போது கிளம்புவது என்பது இன்னொருவர் கையில் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

இரண்டாயிரங்களின் கடைசியில் ஒரு கம்பெனி தன்னுடைய ஹைப்ரிட் காரின் விலையைத் தடாலடியாகக் குறைத்தது. பெட்ரோலிலும் ஓடுமாம், பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெரிய பேட்டரியும் கை கொடுக்குமாம். விற்பனைக்காரப் பையன் விளக்கிக்கொண்டே போனான். கிளட்ச் கிடையாது என்ற ஒன்று மட்டும்தான் என் காதில் விழுந்தது. சேமிப்பைத் துடைத்து எடுத்து வாங்கினோம். ஐம்பதை நெருங்கும் வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சரோஜினி நகர் மார்க்கெட் நெரிசலில் முதல்முறை தனியாக ஓட்டிக்கொண்டு வீடு வந்த அன்று, வண்டியை நிறுத்திய பிறகும் இறங்க மனசில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்த வருஷம் கோடையில் எங்கள் ஆஸ்பத்திரி யமுனைக்கு அக்கரையில் ஒரு கிளை திறந்தது. பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவை நான் ஏற்று நடத்த வேண்டும் என்று மேட்ரன் கேட்டார். மதுரைக்காரர், எதையும் சுற்றி வளைக்க மாட்டார்.

“அம்புட்டுத் தூரம் தினமும் வந்து போயிருவீங்களா, சிஸ்டர்?”

“வண்டி இருக்கே, மேடம்” என்றேன். சொல்லும்போதே எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்தது.

சொல்லி ஒரு வாரம் ஆகவில்லை, கண் பட்டது மாதிரி டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிந்தது. மேம்பாலத்தில் ஏற வண்டி முக்கியது. சிக்னலில் தானாக அணைந்து தானாகக் கிளம்பும் எஞ்சின் இப்போது அணையாமல் உறுமிக்கொண்டே நின்றது. நேராகக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன்.

அங்கே முதல் வேலையாக வண்டிக்குள் இருந்த எங்கள் சாமான்களை வெளியே எடுத்தார்கள். சூப்பர்வைசர் ஒரு பழைய வேட்டியில் இருந்த வெள்ளை வில்லைகளை ஒரு கவரில் போட்டு, வேட்டியை நாலாக மடித்து, “மேடம், ஆப் கா சாமான்” என்று மரியாதையாகக் கையில் கொடுத்தார். எனக்கு மானம் போனது. என் கணவர் முந்தின வருஷம்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். திருநெல்வேலிக்காரருக்குக் கூழ்வத்தல் இல்லாமல் சாம்பார்ச் சோறு இறங்காது. எங்கள் மொட்டை மாடியிலோ குரங்குகளின் ராஜ்யம். எங்கே காயப்போடுவது என்று யோசித்தவர், காரின் பின்கண்ணாடிக்கு அடியில் இருக்கும் அகலமான பலகையைக் கண்டுபிடித்தார். கண்ணாடி வழியாக நல்ல வெயில். குரங்கு இல்லை, புறா இல்லை, தூசி இல்லை. வேட்டியை விரித்து அதில் கூழை வரிசையாக ஊற்றிவிடுவார். நான் அதோடு டியூட்டிக்குப் போய் வெயிலில் நிறுத்துவேன். சாயங்காலம் பாதி காய்ந்திருக்கும். வத்தல் முடிந்தால் மோர்மிளகாய். வார்டில் எல்லாரும் என் வண்டிக்கு அப்பளக்கடை என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

சூப்பர்வைசர் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தார். பேட்டரி சூடாகிறது, மாற்ற வேண்டும் என்றார். வாரண்டியில் இலவசம்தான், ஆனால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எப்போது வரும் என்றால் கையை மேலே காட்டினார். அதுவரை ஓட்டாதீர்கள் என்றார். வெளியே யாராவது பேட்டரி பக்கம் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்றும் சொல்லி அனுப்பினார்.

வண்டி வீட்டு வாசலில் நின்றது. ஸ்கூட்டர் மறுபடி உயிர் பெற்றது. என் கணவரும் பழையபடி ஹெல்மெட்டைத் துடைத்து வைத்துக்கொண்டார். பழைய ஆஸ்பத்திரிக்குச் சரி, அக்கரைக்கு அந்த வெயிலில் தினமும் இரண்டு நடை அவரால் ஆகாது. சேர்கிறீர்களா இல்லையா என்று மேட்ரன் கேட்டு அனுப்பிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை நான் அங்கே நிற்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

பொறுக்க முடியாமல் வெளி மெக்கானிக்குகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பானட்டைத் தூக்குவார்கள், உள்ளே தடிமனாக ஓடும் ஆரஞ்சு ஒயரைப் பார்ப்பார்கள், பானட்டை மூடிவிடுவார்கள். அதில் கை வைத்தால் ஆள் கரி என்று ஊரெல்லாம் பேச்சு. ஒருத்தர், “யே காடி நஹீ, பிஜ்லி கர் ஹை”, இது வண்டியில்லை, மின்சார நிலையம் என்று கும்பிடு போட்டார். இன்னொருத்தர் தனக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அந்த வாரம் வார்டில் ஒரு இன்குபேட்டர் சூடாகி அலறியது. இதெல்லாம் எனக்குப் பழக்கம். குழந்தையை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டு, பெட்டியைத் திருப்பி, காற்று உள்ளே போகும் வழியைப் பார்த்தேன். பஞ்சு அடைத்திருந்தது. எடுத்தேன், அடங்கியது. கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. சூடாகிற பேட்டரிக்கும் காற்று எங்கிருந்தாவது வர வேண்டுமே? அது எந்த வழி?

ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டு பெண் குழந்தைகளின் அப்பாவான அந்த மெக்கானிக்கிடமே மறுபடி போனேன். பேட்டரியைத் தொட வேண்டாம், ஆரஞ்சு ஒயரைத் தொட வேண்டாம், அதைக் குளிர வைக்கிற விசிறியை மட்டும் கண்டுபிடித்துக் கழற்றுங்கள் என்றேன். அவர் முகம் தெளிந்தது.

“பங்கா? அச்சா, பங்கா தோ கோல் தூங்கா.” விசிறி என்றால் கழற்றித் தருவாராம்.

என் கணவர்தான் குறுக்கே வந்து நின்றார். “வாரண்டி போயிருமேம்மா?”

“வண்டி நிக்கி. வாரண்டி மட்டும் ஓடுதாக்கும்?” என்றேன். வாரண்டியும் போய், வண்டியும் ஓடாவிட்டால் அக்கரை வேலை கைவிட்டுப் போகும் என்பது எனக்கும் தெரியும்.

மெக்கானிக் முழங்கை வரை ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டார். என் கணவர் கையில் ஒரு மூங்கில் தடியைக் கொடுத்து, கரண்ட் அடித்துத் தான் ஒட்டிக்கொண்டால் அடித்துத் தள்ளச் சொன்னார். இவரும் தடியை ஓங்கியபடியே நின்றார். மெக்கானிக் பேட்டரியின் பெரிய சுவிட்சை அணைத்துவிட்டு, பின்சீட்டைக் கழற்றி, பிறகு கண்ணாடிக்கு அடியிலிருந்த அந்தப் பலகையைத் தூக்கினார். பலகையின் ஓரத்தில் சல்லடை மாதிரி ஒரு துவாரம். அதுதான் பேட்டரியின் மூக்கு. அதற்குக் கீழே குழாய், குழாயின் முடிவில் விசிறி. விசிறி முழுக்க வேட்டி நூல், வத்தல் தூள், மிளகாய் விதை. மெக்கானிக் அடுக்கடுக்காகத் தும்மினார்.

நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தடியை மெதுவாகக் கீழே வைத்தார்.

“சர்வீஸ்காரங்க பாத்துச் சொல்லிருக்கலாம்லா?” என்றார்.

“எப்படிப் பாப்பாங்க? மூக்க மூடுன வேட்டியத்தான மொதல்ல மடிச்சுக் குடுத்தாங்க!”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது, நிற்கவே இல்லை. விசிறியைப் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டி, சீட்டையும் சுவிட்சையும் பழையபடி போட்டார் மெக்கானிக். பழைய கோளாறை வண்டி மறக்கட்டும் என்று, முன்னால் இருக்கும் சின்ன பேட்டரியின் ஒயரைக் கழற்றி, டீ குடித்துவிட்டு வந்து மாட்டினார். சாவியைத் திருப்பினேன். அந்த விளக்கு எரியவில்லை.

அதற்காக நம்பிவிட முடியுமா? மேம்பாலம் ஏறிப் பார்த்தால்தான் தெரியும். மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கணவர் பின்சீட்டில் உடம்பைத் திருப்பி அந்தத் துவாரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். வண்டி முக்காமல் முனகாமல் ஏறியது. பின்னாலிருந்து, “இழுக்கு, இழுக்கு! காத்த இழுக்கு!” என்று ஒரே கூச்சல். பாலத்தின் உச்சியில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இறங்கி சிக்னலில் நின்றபோது எஞ்சின் தானாக அணைந்தது. அந்த அமைதியை நான் அவ்வளவு தேடியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மேட்ரனுக்குப் போன் செய்து, நாளைக்கு வருகிறேன் என்றேன்.

திங்கட்கிழமை காலையில் என் கணவர் பழக்க தோஷத்தில் ஹெல்மெட்டோடு கீழே வந்தார். இன்னொரு கையில் ஒரு தட்டு நிறைய ஈர வத்தல்.

“சாயங்காலம் எத்தன மணிக்கு வர?”

“நீங்க வரவேண்டாம். நானே வந்துருவேன்.”

அவர் தட்டைப் பார்த்தார், காரின் பின்கண்ணாடியைப் பார்த்தார். “அப்ப இத எங்க காயப்போட?”

நான் வண்டியைக் கிளப்பினேன்.

“ஸ்கூட்டர் பின்சீட்டு இனிமே சும்மாத்தானே கெடக்கும்?” என்றேன்.