வேண்டாமென்று வைத்த கொக்கி

ஏனோக்கு அண்ணனைப் போலப் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. இடி இடித்தால் காதைப் பொத்திக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கம் நீண்டால், கூரை விழுந்துவிடுமோ என்று மேலே பார்த்துக்கொண்டிருப்பார். குடியாத்தத்திலிருந்து தங்கவயலுக்கு வந்த கொல்லர். பதினாறு வருஷம் அவருக்குச் சம்மட்டி அடித்தவன் நான், தசரதன். அந்தப் பயந்தாங்கொள்ளியை ஊரே கேலி செய்தது. நானும்தான் செய்தேன், ஏன் பொய் சொல்லவேண்டும்?

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றேழாம் வருஷம், எங்கள் சுரங்கத்தில் செங்குத்தாகத் தோண்டிய புதுக் குழியில், ஷாஃப்ட் என்போம், ஆட்களை இறக்கும் இரும்பு வாளி, கொக்கி கழன்று விழுந்தது. இரண்டு பேர் போய்விட்டார்கள். அண்ணனுடைய மச்சான் சாம்ராஜ் மட்டும் ஏணியைப் பிடித்துத் தொங்கிப் பிழைத்தான். காய்ச்சல் கண்டு, பேச்சில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

சுரங்கத்தை மேற்பார்க்கும் காப்டன் துரை அண்ணனைக் கூப்பிட்டார். கழலாத கொக்கி சீமையிலிருந்து வர ஆறு மாதமாகும், திங்கட்கிழமைக்குள் நீ ஆறு கொக்கி செய் என்றார். அந்த ஷாஃப்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எதை மாட்டினாலும், அதைச் செய்தவன்தான் முதல் வாளியில் இறங்கவேண்டும். அதைக் கேட்டதும் அண்ணனுக்கு உதடு வெளுத்துவிட்டது.

அவர் இரும்பைத் தொடவில்லை. மரத்தில் மூன்று விதமாகக் கொக்கி செதுக்கினார். மூன்றுக்கும் வாயை மூட ஒரு நாக்கு. நாக்கைப் பிடித்து நிறுத்தும் ஏற்பாடுதான் வேறு வேறு. செதுக்கிவிட்டுச் சும்மா இருந்தார். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார்.

எனக்கு எரிச்சல். "இன்னாண்ணே இது? எதுன்னு சொல்லித் தொலைங்க. நாள் ஓடுது!"

"இன்னும் தெரியலடா. கொக்கி எப்படிக் கழண்டுச்சுன்னு அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். மரம் செதுக்க ஒரு மணி நேரம், இரும்பு அடிக்க அரை நாளு. தெரியாம அடிச்சா அத்தனையும் வீண்."

நான் பொறுக்கவில்லை. புதன்கிழமை அவர் ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் பார்த்து, முதல் விதத்தை இரும்பிலேயே அடித்து முடித்தேன். இருப்பதில் அதுதான் கனம், அதுதான் பலம் என்று எனக்கு நினைப்பு.

வியாழன் காலையில் சாம்ராஜ் வாய் திறந்தான். "வாளி பாரத்துல கழலல மாமா. பாறை விளிம்புல ஒக்காந்துச்சு. கயிறு தொளதொளன்னு ஆச்சு. அப்பதான் கழண்டுச்சு."

அண்ணன் பட்டறைக்கு ஓடிவந்தார். உத்தரத்தில் கயிறு கட்டி, மரக்கொக்கியில் வாளியை மாட்டி, அடியில் ஒரு முக்காலியை வைத்து வாளியை அதன்மேல் இறக்கினார். கயிறு தொய்ந்ததும் என் முதல் விதம் நாக்கைத் திறந்து வாளியை விட்டுவிட்டது. இரண்டாவது முறுக்கிக்கொண்டது. நாக்கு திறக்காமல் தடுக்க அதன் பின்னால் சின்ன முளை வைத்த மூன்றாவது மட்டும் அசையவில்லை. இருபது தடவை இறக்கினோம், இருபது தடவையும் நின்றது.

"இதுதான்டா. அடி! நீ அடிச்சத உடைச்சுப் போடு."

சரி என்றேன். உடைக்கவில்லை. நல்ல சீமை இரும்பு, மனசு வரவில்லை. பட்டறைப் பலகைக்கு அடியில் தள்ளிவைத்தேன். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஆறு கொக்கிகளும் முடிந்துவிட்டன. அவற்றையும் அதே பலகைக்கு அடியில்தான் அடுக்கினேன்.

திங்கள் காலை கூலியாட்கள் வந்து, கைக்கு வந்த ஆறு கொக்கிகளை எண்ணி வண்டியில் கொண்டுபோனார்கள். அண்ணன் கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டே போனார். பார்க்கத் தைரியமில்லாமல் நான் பட்டறையிலேயே நின்றுவிட்டேன். கை சும்மா இருக்கவில்லை, பெருக்கினேன். பலகைக்கு அடியில் துடைப்பத்தில் ஒரு கொக்கி தட்டுப்பட்டது. நாக்குக்குப் பின்னால் முளை இருந்தது.

ஆறு அடித்தோம், ஆறும் போயிருக்கவேண்டும். நல்லது ஒன்று இங்கே கிடக்கிறது என்றால், அங்கே போனது எது? ஐயோ, நான் உடைக்காமல் வைத்தது! அதையே மாட்டியிருந்தால்?

கொக்கியைக் கையில் பிடித்தபடி வாளியை ஏற்றி இறக்கும் எஞ்சின் வீட்டுக்கு ஓடினேன். கயிறு சுற்றிய டிரம் சுழன்றுகொண்டிருந்தது. அண்ணனோடு வாளி இறங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் ஹரோல்ட் துரைக்கு முன்னால் போய் நின்றேன். நிறுத்துங்கள் என்று கத்த வாய் திறந்தேன், கத்தவில்லை. சட்டென்று நிறுத்தினால் கயிறு துள்ளுமே, துள்ளினால் நாக்கு திறந்துவிடுமே!

"மெல்ல, துரை, மெல்ல! கொக்கி தப்பு! கயிறு தொய்யக் கூடாது!"

"இன்னா மேன் சொல்றே?" என்றவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அவருக்கும் வியர்த்துவிட்டது. அங்குலம் அங்குலமாக டிரம்மை நிறுத்தி, அதே மாதிரி மேலே இழுத்தார். அது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. வெளியே ஓடி, ஷாஃப்ட் வாயில் முட்டி போட்டு, எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், அவருடைய ஏசுவையும் சேர்த்து.

வாளி வெளியே வந்தது. அண்ணன் மேலே பார்த்தார். முளை இல்லாத நாக்கு. கொக்கியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் வேட்டி நனைந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"உடைன்னு சொன்னேனே தசரதா."

அவர் காலில் விழுந்தேன். சம்மட்டியை எடுத்து, எல்லோர் முன்னாலும் அந்தக் கொக்கியை நானே உடைத்தேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் காப்டன் துரை.

"வேணாங்க. நாளைக்குன்னா பயம் இன்னும் ஜாஸ்தியாயிடும். தெரிய வேண்டியது தெரிஞ்சுபோச்சு. இப்பவே எறங்கறேன்" என்றார் அண்ணன். நல்ல கொக்கியைத் தன் கையாலேயே மாட்டினார். வாளிக்குள் ஏறி, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீயும் ஏறு. சம்மட்டி அடிச்சவனும் செஞ்சவன்தானே?"

ஏறினேன். வெளிச்சம் தலைக்கு மேலே ஒரு காசளவு சுருங்கியது. சாம்ராஜ் சொன்ன அந்தப் பாறை விளிம்பில் வாளி இடித்து உட்கார்ந்தது. கயிறு தொய்ந்தது. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். மெழுகுவர்த்தியைத் தூக்கி, இரண்டு பேரும் அந்தச் சின்ன முளையையே பார்த்துக்கொண்டு நின்றோம். நாக்கு அசையவில்லை.