எதிர் அறையின் நோட்டு

எங்கள் கல்லூரியில் வேலைவாய்ப்பு அறை என் பொறுப்பு. எதிரே நூலகம். முதல்வர் கேட்டால் நூலகர் வருகை நோட்டைத் தூக்கிக் காட்டுவார்; பக்கம் பக்கமாகக் கையெழுத்து. பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். என்னிடம் தினமும் வருபவர்கள் வேலை கிடைக்காதவர்கள்தான். கிடைத்தவர்கள் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அவர்கள் கையெழுத்துப் போடவென்றே நானும் ஒரு நோட்டு வாங்கினேன். மாதக்கணக்காக வெறுமையாகவே கிடந்தது.

ஒருநாள், நான் நாயாய் அலைந்து பீங்கான் கம்பெனி ஆபீஸில் சேர்த்துவிட்ட பெண் வாசலில் வந்து நின்றாள். அவசரமாக நோட்டைத் திறந்து, பேனாவோடு எழுந்தேன்.

"நல்லா இருக்கீங்களா சார்? லைப்ரரி புக்கு ஒண்ணு என்கிட்டயே இருந்துச்சு, குடுக்க வந்தேன். அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடுங்க சார், அங்க கையெழுத்துப் போடணுமாம்."