தாடைக்குக் கீழே பிடித்த மைக்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதுரைக்குப் போனேன். கோயிலுக்கும் இல்லை, ஜிகர்தண்டாவுக்கும் இல்லை. கல்லூரி நண்பன் பாண்டி, பரவையில் ஒரு கல்யாண மண்டபத் திடலில் பாடுவதாகச் செய்தி அனுப்பியிருந்தான். பதினாறு வருடம் கழித்து வந்த செய்தி. மேடையில் கழுத்து நரம்பு புடைக்க, கண் கலங்க, உயிரையே பணயம் வைத்தது போல் பாடும் ராக் பாடகன் அவன். அந்த ஆவேசம் எங்கிருந்து வருகிறதென்று இணையத்தில் ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். காதல் தோல்வி என்பார்கள், கோபம் என்பார்கள். அவனுடைய பழைய குழுவுக்கு ஒலி அமைத்துக் கொடுத்தவன் நான். அன்றுவரை எனக்கே தெரியாது.

பெங்களூரு ரயில் காலை ஆறே காலுக்கு இறக்கிவிட்டது. ஆனையூருக்கு ஆட்டோ, 220 ரூபாய். நாங்கள் வாடகைக்கு எடுத்துப் பயிற்சி செய்த மாடி அறை அங்கேதான் இருந்தது. எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, சத்தம் வருகிறதென்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வேர்வையில் குளித்தபடி வாசித்த மதியங்கள். இப்போது அது தையல் வகுப்பு. எதிர்க்கடையில் பருத்திப்பால் மட்டும் மாறவில்லை, டம்ளர் 20 ரூபாய். வாங்கிக் குடித்துவிட்டு, வேலையற்றவன் போல அந்த மாடியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

எங்கள் சண்டை தொடங்கியதும் அந்த அறையில்தான். பாண்டி எப்போதும் மைக்கைத் தாடைக்குக் கீழே இறக்கிப் பிடிப்பான். அப்படிப் பிடித்தால் தொண்டை கிழியப் பாடினால்தான் சத்தம் ஏறும். எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு கல்லூரிப் போட்டியன்று, மைக்கை ஸ்டாண்டில் அவன் வாய்க்கு நேராக வைத்து, டேப் சுற்றி இறுக்கிவிட்டேன். பாதிப் பாட்டில் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டான். குழு அதோடு முடிந்தது. திமிர் பிடித்தவன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பத்து மணிக்கு அவனே அழைத்தான். "மாப்ள, எனக்கு இங்கன சவுண்ட் செக் இருக்கு. பேரையூர் போயி அம்மாவக் கூட்டிட்டு வந்துர்றியா?" ஏதோ நேற்றுத்தான் பேசிப் பிரிந்தது போலக் கேட்டான். சரி என்று சொல்லிவிட்டு உடனே கிளம்பினேன்.

திருமங்கலம், தே.கல்லுப்பட்டி வழியாக இரண்டு பேருந்து. ஒன்றே முக்கால் மணி நேரம், மொத்தம் 48 ரூபாய். ஜன்னலோர இடம் கிடைத்தால் விடாதீர்கள், சோளக்காடும் கருவேலமுமாகக் கண்ணுக்கெட்டும் தூரம் வரை சமவெளி. திரும்பி வர பேரையூரிலேயே கார் பிடித்தேன். பரவைக்கு 2,400 ரூபாய். பாண்டி முன்பே செய்தி அனுப்பியிருப்பான் போல, வாசலில் தயாராக நின்ற அம்மா நேராக வந்து பின்னால் ஏறினார். கல்லூரி நாட்களில் அவரைத் தூரத்தில் பார்த்ததோடு சரி.

"அம்மா, என்னை ஞாபகம் இருக்கா?" முன் இருக்கையிலிருந்து கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். இல்லை. பழைய கோபம் இன்னும் போகவில்லை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

ஓட்டுநர்தான் சொன்னார். "அண்ணே, பின்னாடி போயி உக்காருங்க. அவுகளுக்குக் காது கேக்காது. வாயப் பாத்தாத்தான் பேச்சு வெளங்கும்."

வண்டியை ஓரங்கட்டச் சொல்லி இடம் மாறினேன். முகம் பார்த்துப் பேசியதும் அம்மா சரளமாக ஆரம்பித்துவிட்டார். "நூல் மில்லுல இருவது வருசம் நின்னேன்ப்பா. அந்தச் சத்தத்துல பக்கத்துல நின்னாலும் கேக்காது. ஒருத்தி வாய ஒருத்தி பாத்துத்தான் பேசிக்கிருவோம். காது போன பெறகு வீட்டுலயும் அதுதான். பாண்டி பாட்டப் பூராம் அவன் வாயப் பாத்துத்தான் கேப்பேன். அதுக்குத்தான் மைக்க எறக்கிப் பிடிப்பான். ஒரே ஒரு தடவ, காலேஜு போட்டியப் பாக்க வந்தப்ப, எந்தக் கூறுகெட்டவனோ அவன் வாய மறைச்சு மைக்கக் கட்டிவிட்டுட்டான். எம்புட்டு எட்டிப் பாத்தும் ஒண்ணும் தெரியல."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாதே. "அந்தக் கூறுகெட்டவன் நான்தாம்மா" என்றேன்.

என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். "நல்லா வாயத் தொறந்துதான் சொல்ற. தெளிவா வெளங்குது."

ஆறு மணிக்கு நிகழ்ச்சி. முதல் வரிசையில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் என்று அம்மா மூன்றாவது வரிசையில், இடது ஓரமாக உட்கார்ந்தார். நான் பக்கத்தில். பாண்டி தாடைக்குக் கீழே மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் முகத்தால் எழுதிக் காட்டுவது போலப் பாடினான். ஒரு சொல்கூட அம்மாவுக்குத் தப்பக்கூடாது. அதற்கு வாய் தெரிய வேண்டும். மைக் தள்ளிப் போகிறது. அதனால் தொண்டை முழுவதையும் கொடுக்கிறான். நான் திமிர் என்று சொன்னதும், ஊர் ஆவேசம் என்று சொல்வதும் இதைத்தான்.

டிரம்ஸ் தனியாக அதிர்ந்துகொண்டிருந்தபோது அவன் எங்கள் பக்கம் பார்த்தான். கத்தினாலும் கேட்காது. எழுந்து நின்று, வாயை மட்டும் அசைத்து, "மன்னிச்சிரு மாப்ள" என்றேன். அவனும் வாயை மட்டும் அசைத்து ஏதோ சொன்னான். எனக்குப் புரியவில்லை.

அம்மா என் சட்டையை இழுத்தார். "சாப்ட்டுட்டுப் போவியாம்" என்றார்.

இருந்து சாப்பிட்டேன். அடுத்த முறை அவன் அங்கே பாடும்போது போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: பரவைக்குப் பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து நகரப் பேருந்து உண்டு. ஐந்தரைக்குள் போனால் நல்ல இடம் கிடைக்கும். தண்ணீர் கொண்டு போங்கள். பாட்டு நடக்கும்போது போனைத் தலைக்கு மேல் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். உங்களுக்குப் பின்னால் ஒருவர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.