சரியா-தப்பா லொரெய்ன்

“சும்மா சொல்லு கண்ணு. ரொம்ப நல்லா இருக்கா, ஓரளவுக்கு நல்லா இருக்கா, நல்லாவும் இல்லாம மோசமாவும் இல்லாம இருக்கா, கொஞ்சம் மோசமா, ரொம்ப மோசமா?”

நான் இன்னும் ஒரு வாய் டீ குடிக்கவில்லை. அதற்குள் கேட்டாகிவிட்டது. லொரெய்ன் ஹெப்வொர்த் வீட்டில் டீ குடித்தவர் எவரும் இதற்குப் பதில் சொல்லாமல் எழுந்துவிட முடியாது. பொத்தாம்பொதுவாக “நல்லா இருக்கு” என்று தப்பிக்கப் பார்த்தால், “ரொம்பவா, ஓரளவுக்கா?” என்று மடக்குவாள். பொய் சொல்லவும் மனசு வராது. அவள் டீ கொஞ்சம் மோசம்தான்.

எல்லாம் தொழில் படுத்தும் பாடு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தவள், முழங்கால் மக்கர் பண்ணியதும் கருத்துக்கணிப்புக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். வேலை வீட்டிலிருந்தபடியேதான். சமையலறை மேஜையில் கம்ப்யூட்டரைத் திறந்து, தலையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிட்டுக் கேட்பாள். சோப்பு, ரயில், மந்திரிசபை என்று எத்தனையோ கேள்விகள் வந்து போய்விட்டன. ஒரே ஒரு கேள்வி மட்டும் போவேனா என்கிறது.

“இப்ப திரும்பிப் பாத்தா, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளிய வரணும்னு ஓட்டுப் போட்டது சரின்னு நினைக்கிறீங்களா, தப்புன்னு நினைக்கிறீங்களா?”

வட இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் எங்கள் தெரு வீடுகளெல்லாம் தோளோடு தோள் ஒட்டியவை. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், அதுவும் பெயருக்குத்தான். சாயங்காலம் முழுக்க அந்தக் கேள்வி சுவர் வழியே வந்துகொண்டே இருக்கும். தூக்கத்தில் நானே அதைக் கேட்கிறேனாம். “தப்பு! இப்ப படு!” என்று என் மனைவி முழங்கையால் இடித்திருக்கிறாள். தெருவில் லொரெய்னுக்குச் சரியா-தப்பா லொரெய்ன் என்றே பெயர் விழுந்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தம் உண்டா என்று கேட்டேன். “வருத்தமும் இல்ல, சந்தோஷமும் இல்ல” என்றாள்.

அந்த வேலைக்கு ஏகப்பட்ட ரூல். எல்லாரிடமும் ஒரே வாசகம், ஒரே குரல். பதில் எதுவானாலும் “ம்” கொட்டலாம், அதற்கு மேல் கூடாது. தெரிந்தவர்களைக் கேட்கக் கூடாது. தன் கருத்தை மூச்சுவிடக் கூடாது. யார், எந்த ஊர் என்று வெளியில் சொல்லவும் கூடாது. ஆகவே பெயரும் ஊரும் இல்லாமல்தான் எங்களுக்குக் கதை கிடைக்கும்.

“ஒருத்தர் சொல்றார்: ‘சரி! நூறு தடவ சரி! ஆனா செஞ்சு முடிக்கத் துப்பில்லாத பசங்க கையில குடுத்துட்டோமேம்மா!’ இன்னொரு அம்மா என்னையே திருப்பிக் கேக்கறாங்க, ‘நீ என்ன போட்டே, அதச் சொல்லு முதல்ல’ன்னு.”

“நீ என்ன சொன்னே?”

“அடுத்த கேள்விக்குப் போனேன்.”

மனசு மாறியவர்களை அவள் பதிலுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவாள். “கொஞ்சம் இருங்கன்னு சொல்லிட்டு எழுந்து போவாங்க. கதவு சாத்தற சத்தம் கேக்கும். அப்புறம் குரல் இறங்கிடும். வீட்டுல இருக்கறவங்க காதுல விழக் கூடாதில்ல, பாவம்.”

அவள் வீட்டில் இருப்பவன் அவள் புருஷன் டிரெவர். என்னோடு பஸ் ஓட்டியவன். வெளியேற வேண்டும் என்று ஓட்டுப் போட்டவன், அதைக் கிளப்பில் மேஜையைத் தட்டிச் சொல்கிறவன். அவனுக்கு உயிர் பந்தயப் புறாக்கள். பிரான்ஸுக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டால் கடல் தாண்டி நேரே கொல்லைக் கூண்டுக்கு வந்து சேரும். நாடு வெளியேறிய பிறகு அதற்கு ஆயிரத்தெட்டுச் சான்றிதழ் என்றாகிவிட்டது. விடுவார்களா நம் ஆட்கள்? “என்ன டிரெவர், புறாவுக்குப் பாஸ்போர்ட் ஃபோட்டோ எடுத்தாச்சா? ரெண்டு காதும் தெரியணுமாம்!” அவன் பீரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வான்: “புறா கெடக்கு கழுதை. நான் போட்டது சரின்னா சரிதான்.”

புறாவோடு போயிருந்தால் பரவாயில்லை. அவர்களுடைய ஒரே மகள் ஜெம்மா நெதர்லாந்தில், ராட்டர்டாம் நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். ஓட்டு முடிவு வந்த அன்று போன் பண்ணி, “நீங்க ஓட்டு போடலப்பா, என் மூஞ்சில கதவச் சாத்திட்டீங்க” என்று அழுதாளாம். “உன்னக் கேட்டுக்கிட்டா நான் ஓட்டுப் போடணும்?” என்று இவன் எகிறியிருக்கிறான். அதோடு சரி. அவள் கூப்பிடும்போது இவன் எடுத்துவிட்டால் ஒரே வசனம்தான்: “இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்.” அவள் லீவுக்கு வந்தால் இவன் புறாக்கூண்டே கதியென்று கிடப்பான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், லொரெய்ன் தன் கட்சி என்று டிரெவர் சத்தியம் பண்ணுவான். அம்மா தன் கட்சி என்று ஜெம்மாவும் பண்ணுவாள். லொரெய்ன் எந்தக் கட்டத்தில் குறி போட்டாள் என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. “வாயத் திறந்து சொல்லித் தொலையேன்” என்று ஒரு தடவை எரிந்து விழுந்தேன். “எதச் சொன்னாலும் ரெண்டு பேர்ல ஒருத்தரு போயிடுவாங்க கண்ணு” என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

போன மாதம் எங்கள் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் மண்டையைப் போட்டது. மனைவி தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். நான் குளிருக்குப் பயந்து லொரெய்ன் சமையலறையில் போய் உட்கார்ந்தேன். மேலே சொன்ன டீ அன்று குடித்ததுதான். டிரெவர் எதிரே உட்கார்ந்து கோப்பையைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

“ஜெம்மா மத்தியானம் பேசினா” என்றாள் லொரெய்ன், போன் வேலைக் குரலில். “வெள்ளிக்கிழமை அந்த ஊர்க் குடியுரிமைக்கு மனு குடுக்கப் போறாளாம். கெடச்சா நம்ம பாஸ்போர்ட்ட விட்டுடணுமாம்.”

டிரெவரின் கரண்டி நின்றது.

“நம்ம பாஸ்போர்ட்டயா?”

“ஆமா.”

“அப்ப அவ இந்த ஊருக்காரி இல்லையா?”

“ம்” என்றாள் லொரெய்ன்.

அவன் கரண்டியைக் கோப்பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தான். பிறகு அவன் சொன்னான்: “என்னக் கேளு.”

“எத?”

“அந்தக் கேள்விய. ஊர்ல இருக்கற கண்டவனையெல்லாம் கேக்கற. கட்டின புருஷன ஒரு நாள் கேட்டிருக்கியா?”

“தெரிஞ்சவங்களக் கேக்கக் கூடாதுப்பா. ரூல்.”

“ரூல அடுப்புல போடு. கேளு.”

லொரெய்ன் என்னைப் பார்த்தாள். நான் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டேன். அவள் நாற்காலியை இழுத்து நிமிர்ந்து உட்கார்ந்து, ஏனோ தெரியவில்லை, ஹெட்ஃபோனையும் தலையில் மாட்டிக்கொண்டாள்.

“வணக்கம், என் பேரு லொரெய்ன். இப்ப திரும்பிப் பாத்தா, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளிய வரணும்னு ஓட்டுப் போட்டது சரின்னு நினைக்கிறீங்களா, தப்புன்னு நினைக்கிறீங்களா?”

மேஜையைத் தட்டப் போகிறான் என்று என் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டேன். டிரெவர் எழுந்தான். மெதுவாக நடந்துபோய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினான். வீட்டில் எங்கள் மூன்று பேரைத் தவிர ஈ காக்கை கிடையாது.

திரும்பி வந்து உட்கார்ந்தவனுக்குக் குரல் இறங்கிவிட்டது.

“அந்த வார்த்த வாயில வர மாட்டேங்குது லொரெய்ன். தெரியலன்னு போட்டுக்க.”

“தெரியல” என்று அவள் அப்படியே திருப்பிச் சொன்னாள். ஒரு இழை கூடக் குரல் மாறவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது. “ரொம்ப நன்றி. இன்னும் ஒரே ஒரு கேள்வி பாக்கி. அதக் கேக்க வேண்டியது நான் இல்ல.”

கம்ப்யூட்டரில் ஒரு எண்ணை அழுத்தினாள். ஹெட்ஃபோனைக் கழற்றி, எட்டி, அவன் தலையில் மாட்டினாள். வழுக்கையில் அது கோணலாக உட்கார்ந்தது. மணி அடிப்பது எனக்கே கேட்டது. பிறகு, “அம்மா?” என்று ஒரு பெண் குரல்.

“அம்மா இல்ல, ஜெம்மா. அப்பா” என்றான் டிரெவர். “இரு, அம்மாகிட்ட...”

பழக்கதோஷத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றி அவள் பக்கம் நீட்டினான். லொரெய்ன் இரண்டு கைகளையும் ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டாள்.