தங்கமான முதலாளி

கொல்லிமலையில் பலாப்பழம் பழுத்துக் கிடந்தது. என் மூன்றாவது லாரிக்கு டிரைவர் இல்லை. அப்போதுதான் அவர் வந்தார். நரைத்த மீசை, தோளில் பச்சைத் துண்டு. பல வருடம் மிளகுத் தோட்டத்தில் இருந்துவிட்டு மறுபடி லாரி ஓட்டக் கிளம்பியிருந்தார். பேசும்போதெல்லாம் அவருடைய இடது கால் தரையைக் கிளட்சாக நினைத்து அழுத்திக்கொண்டே இருந்தது.

என்னிடம் அவர் ஒன்றுமே கேட்கவில்லை. டீக்கடையில் இருந்த என் இரண்டு டிரைவர்களிடம் போய், முதலாளி எப்படி என்று விசாரித்தார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

"தங்கமானவருங்க" என்றார்கள்.

அவர் துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"ஏனுங்க, என்னாச்சு?" என்றேன்.

"மொதலாளியத் திட்டாத டிரைவரு பயந்து கெடக்கறான்னு அர்த்தமுங்க. அந்த வண்டி எனக்கு வேண்டாமுங்க."

பழம் அழுகிவிடும். நான் டிரைவர்கள் பக்கம் திரும்பி, "திட்டித் தொலைங்கப்பா!" என்று கெஞ்சினேன்.

ஒருவர் தொடங்கினார், மற்றவர் எடுத்துக் கொடுத்தார். டீ ஆறிப்போன பிறகும் அவர்கள் ஓயவில்லை. பச்சைத் துண்டுக்காரர் முகம் மலர்ந்து, என்னிடம் சாவிக்குக் கை நீட்டினார்.

"அவங்களுக்கு யோசிக்கக்கூட நேரம் இல்லை, இவ்வளவு திட்டு எங்கிருந்துங்க வந்தது?" என்று அவரிடமே கேட்டேன்.

இடது காலை ஒருமுறை அழுத்தினார். "வேலைக்கு நல்ல எடமுங்க" என்றார்.