மூன்றாவது தறியில் ஒரு மினி பஸ்

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது மூன்று, நாத்தனார் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. இந்த வாரப் பக்கத்தில் கொஞ்சம் பெருமையடிக்கப் போகிறேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோமனூர் பக்கம் எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த மினி பஸ் நின்றுபோனது. "பஸ் இல்லைன்னா காலேஜும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார் மருமகன். பேத்தி கவிதாவுக்கு அழுகை. கிராம சபையில் தெருவுக்காகப் பேச வேண்டியவள் நான். கேட்க வேண்டியதோ நாலு விஷயம். சீட்டில் எழுதிக்கொண்டு போகலாம்தான் — நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் சபை கலைந்துவிடுமே!

"அம்மாயி, கண்ணை மூடினாலும் உங்களுக்குத் தெரியற எடம் எது?" என்றாள் கவிதா.

"நம்ம தறிக்குடோன்தான். நாலு தறியையும் நான் ஓட்டின எடமாச்சே."

"அப்ப தறிக்கு ஒண்ணா வச்சுப்போடுங்க. கோமாளித்தனமா வைங்க, அப்பத்தான் மறக்காது."

வைத்தேன். முதல் தறியில் துணிக்குப் பதில் குடிதண்ணீர் நெசவாகி வருகிறது. அடுத்ததில் சாக்கடைத் தவளை குதிக்கிறது. மூன்றாவதில், இழையை இழுத்துக்கொண்டு இங்குமங்கும் ஓடுகிற நாடாவின் வழியில் மினி பஸ் சிக்கி, இழையெல்லாம் அறுந்து தறியே நிற்கிறது. கடைசியில் தெருவிளக்கு.

சபையில் மைக்கைப் பிடித்தேன். மனதுக்குள் குடோனில் நடந்தேன். தண்ணீர்... "பண்ணிடலாமுங்க." சாக்கடை... "பண்ணிடலாமுங்க." மினி பஸ்?

"அது எங்க டிபார்ட்மென்ட் இல்லீங்கம்மா. அடுத்ததைச் சொல்லுங்க" என்றார் ஆபீசர்.

எப்படிச் சொல்வது? தறி ஓட்டியவர்களைக் கேளுங்கள் — இழை அறுந்து நிற்கிற தறியை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குக் கால் நகருமா? எனக்கு நகரவில்லை.

"ஏனுங்க, இது ஓடாம நான் எப்படிங்க அடுத்ததுக்குப் போறது?"

"எதுங்கம்மா ஓடலை?"

"மூணாவது தறிங்க!"

கூட்டமே சிரித்தது. பக்கத்து வீட்டு சரசு, "அக்கா, உக்காருங்க. மானம் போகுது" என்று சேலையை இழுத்தாள். நான் மைக்கை விடவில்லை. பின்னாலிருந்து ஒருவர், "அந்தம்மா சொல்றது சரிதானுங்க. நின்ன தறியைத் தாண்டக் கூடாதுங்க" என்றார். தறிக்காரர்கள் எல்லோரும் "ஆமாங்க" என்றார்கள்.

ஆபீசர் வேறு வழியில்லாமல் போனை எடுத்தார். யார் யாரிடமோ பேசினார். "திங்கக்கிழமை வண்டி வருமுங்க" என்றார்.

அப்புறம்தான் தெருவிளக்கைக் கேட்டேன்!

திங்கட்கிழமை பஸ் வந்தது. கவிதா ஜன்னலோரம் உட்கார்ந்து கையாட்டினாள்.

ஞாபகசக்திக்குப் பெரிய மூளை வேண்டும் என்று நினைத்திருந்தேன். கால் பழகின இடம் ஒன்று போதும் போல... உங்களுக்கு அடுப்படி இருக்குமே, மறக்கக்கூடாததை அங்கே வைத்துப் பாருங்களேன்.

இதை நான் சொல்லச் சொல்ல டைப் அடிப்பதும் பேத்திதான். கவிதா கண்ணு, எங்கே, படிச்சுக் காட்டு. பஸ் வந்த எடத்தை மட்டும் சத்தமாப் படி — சரசு காதுல உழுகோணும்!