மாமாவின் கால் பெருவிரல்

எனக்கு எழுபத்திரண்டு வயது. இந்த லண்டனில் ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினனான். பள்ளிக்கூடம் எனக்கு ஒட்டவில்லை. அம்மா சமைத்தபடி குசினி மேசையில் காட்டித்தந்த எழுத்தில்தான் இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் இருக்கட்டும்.

அம்மாவின் அண்ணை நாடகத்திலும் சினிமாவிலும் நடித்தவர். லண்டன் ஆர்ச்வேயில் எங்கள் வீட்டு மேலறையில் இருந்தார். வெள்ளைக்காரர் அவருக்குக் கொடுத்ததெல்லாம் சமையல்காரன், காவல்காரன், பாம்பாட்டி. எந்த வேஷமானாலும் பாதியில் செத்துவிடுவார். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே அப்பா கேட்பார்:

"மச்சான், இந்தமுறை கத்தியோ, நஞ்சோ?"

"துவக்கு, மச்சான். சுட்டுக் கொல்லுறாங்கள். முன்னேற்றந்தானே!"

மாமா படியடியில் விழுந்து சாகப் பழகுவார். உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டுவது என் வேலை. ஒருநாளும் அசையமாட்டார்.

ஒருமுறை பெரிய அரங்கொன்றில் நாடகம். சினிமாப் படமெடுக்கிற ஒருவர் பார்க்க வருகிறாராம். அவருக்குப் பிடித்துப்போனால் சாகாத வேஷமாம், வாய்நிறைய வசனமாம். அந்தக் கிழமை முழுக்க மாமா படியில் ஏறுவதும் இறங்குவதும்தான். ஊற்றிவைத்த தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கும். டெலிபோன் அடித்தால் எல்லோரும் ஓடுவோம். எனக்கும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

மாமா நடித்து அம்மா அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் கூறைச்சேலை உடுத்துக்கொண்டு வந்தா.

மாமா குத்துப்பட்டு விழுந்தார். வெறுங்கால் சனத்தைப் பார்த்தபடி. எங்கள் ஆட்கள் பிரேதத்துக்குக் கட்டிவிடுவது போலவே இரண்டு பெருவிரலும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. அம்மா எழும்பிவிட்டா.

"ஐயோ, என்ரை அண்ணை!"

நெஞ்சில் அடித்து அழுதா. அப்பா சேலையைப் பிடித்து இழுத்தார். "இரும், இரும்! நாடகமெல்லே!" அம்மாவின் காதில் ஏறவில்லை.

அப்போது மேடையில் கிடந்த பிரேதம் வலது பெருவிரலை ஆட்டியது. அம்மா கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பச் சீட்டில் குந்தும்வரை ஆட்டியபடியே கிடந்தது. சபை விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் இருந்த அந்தப் படக்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பஸ்ஸில் எனக்கு ஒரே கோபம். "நான் கிச்சுகிச்சு மூட்டினால் அசையமாட்டியள். இண்டைக்கு அசைஞ்சுபோட்டியள். தோத்துப்போனியள், மாமா!"

"ஓம் பிள்ளை, தோத்துத்தான் போனன்."

முன்சீட்டில் அம்மா நித்திரையாகியிருந்தா. அவவின் தலை கண்ணாடியில் இடிபடாமல் மாமா கையைக் கொடுத்துக்கொண்டு வந்தார்.

பிறகும் எத்தனையோ படங்களில் வந்தார். எல்லாவற்றிலும் செத்தார். ஒருவரி வசனங்கூடக் கிடைக்கவில்லை. அசையாமல் கிடக்கத் தெரிந்த மனிசன் அன்றைக்கு ஏன் அசைந்தார் என்று யோசிக்க எனக்கு அப்போது தெரியவில்லை.

பேத்தி, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததைக் காட்டு பார்ப்பம். இதை ஒருக்கால் வாசி. விரல் ஆடுகிற இடத்தில் மட்டும் அவசரப்படாதை.